பாடைச்சுழி

சந்தையில் தரகர் "ச்சு" என்று சூள்கொட்டிய சத்தம் செவலைக் காளையின் காதைவிட்டு இன்னும் போகவில்லை. அவர் அதன் முதுகைத் தடவிக்கொண்டே வந்தார். மயிர் வட்டமாகச் சுற்றி வளர்ந்திருந்த இடத்தில் விரல் நின்றது.

"பாடைச்சுழி. வாங்குகிற வீட்டில் சாவு விழும்."

அதற்குப் பிறகு ஒருவரும் விலை கேட்கவில்லை. சொந்தக்காரன் காளையைக் காட்டோரம் அவிழ்த்துவிட்டுப் போய்விட்டான்.

காட்டுக்குள் ஒரு குளம் இருந்தது. நல்ல கோடை. மான்கள் கூட்டமாக வந்து குடித்தன. காளை மட்டும் தூரத்திலேயே நின்றது. தன் வாய் பட்ட தண்ணீரைக் குடித்து அவை செத்துவிட்டால்?

அங்கே சுற்றித் திரிந்த ஒரு நரிக்கு இது தெரிந்தது. "உங்களுக்குத் தங்கமான மனசு அண்ணே. குளத்துப் பக்கம் போய்விடாதீர்கள். நாலு உயிர் பிழைக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, காளையின் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது.

மூன்றாம் நாள் காளையின் கால்கள் மடிந்தன. அப்போது ஒரு மைனா அதன் முதுகில் வந்து உட்கார்ந்து உண்ணி பொறுக்கியது.

"இறங்கிவிடு அம்மா. அங்கே பாடைச்சுழி இருக்கிறது."

"இதுவா? மயிர் சுற்றிக்கொண்டு வளர்ந்திருக்கிறது. நடுவில் கொழுத்த உண்ணி ஒன்று இருந்தது. தின்றுவிட்டேன்."

"விளையாடாதே. என்னை விற்க வந்தவனுக்கு முந்தின எஜமான் என்னால்தான் போய்ச்சேர்ந்தார்."

"அவருக்கு என்ன வயது?"

"எண்பத்தாறு."

"அந்த வயதில் போவதற்கு உன் முதுகு வேறு வேண்டுமாக்கும்!"

காளைக்குச் சிரிப்பு வரவில்லை. நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தது.

மைனா நரியின் பக்கம் திரும்பியது. "நரியாரே, சுழிக்கு நீர் பயப்படவில்லையா? ஒட்டிக்கொண்டு படுத்திருக்கிறீரே."

"பாவம், ஒரு துணைக்குத்தான்."

"துணைக்கு வந்தவருக்கு எச்சில் ஏன் ஒழுகுகிறது?"

நரி அவசரமாக வாயை நக்கிக்கொண்டது. காளை அதையே பார்த்தது. சுழியைச் சொல்லித் தண்ணீரைத் தடுத்தவன், அந்தச் சுழியோடு சேர்த்தே தன்னைத் தின்னக் காத்திருக்கிறான்!

காளை முட்டியை ஊன்றி எழுந்தது. தள்ளாடிப் போய்க் குளத்தில் வாய் வைத்தது. மான்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டன. மறுநாளும் அதே மான்கள், ஒன்றுகூடக் குறையாமல், அங்கே வந்து குடித்தன.

ஒரு சொல்லைக் காட்டி நம்மைப் பயமுறுத்துகிறவர், தாம் அதற்குப் பயப்படுகிறாரா என்று நாம் முதலில் பார்க்க வேண்டும்.

செவலை அந்தக் கரையில் இன்னும் பதினோரு வருஷம் மேய்ந்து, பல்லெல்லாம் தேய்ந்து, ஒரு மழைக்காலத்தில் முதுமையால் இறந்தது.