மூணாவது வேலை

உம் கொட்டினாத்தான் சொல்லுவேன், ஆமா. ஒரு ஊர்ல ஏழாம் வார்டுன்னு ஒரு வார்டு இருந்துச்சாம், அந்த வார்டுல ஒரு தெரு, அந்தத் தெரு நெடுக வாயைப் பொளந்துக்கிட்டு ஒரு சாக்கடை. அது ஓரமா செண்பகவடிவுன்னு ஒருத்தி, கண்ணு சரியாத் தெரியாத மாமியாரை வச்சுக்கிட்டுக் குடியிருந்தா. மாமியார் சுவரைத் தடவித் தடவித்தான் குழாயடிக்குப் போவாங்க, இவ உயிரைக் கையில புடிச்சுக்கிட்டுப் பின்னாடியே போவா.

அப்புறம் எலெக்‌ஷன் வந்துச்சு. பரமானந்தம்னு ஒருத்தர், கவுன்சிலருக்கு நிக்கிறேன்னு கும்பிட்டுக்கிட்டே வந்தாரு. வடிவு ஆரத்தித் தட்டோட நின்னு கேட்டா, "அண்ணே, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். இந்தச் சாக்கடைக்கு மூடி போடுவீங்களா?"

அவரு தட்டுல எரிஞ்ச சூடத்தைப் படார்னு கையால அடிச்சு அணைச்சாரு. "ஜெயிச்சா என் மொத வேலை இதுதான் தங்கச்சி, சத்தியம்!"

சூடம் அடிச்ச மனுஷன் பொய் சொல்வாரான்னு தெருவே அவருக்குக் குத்துச்சு. பைத்தியக்காரத் தெரு!

ஜெயிச்சாரு. அப்புறம் வடிவு போய்க் கேட்டா. "மொத வேலை ஊர் எல்லையில வளைவு, தங்கச்சி. வர்றவன் போறவன் நம்ம பேரைப் படிக்கணுமில்ல? அடுத்தது உன் மூடி." வளைவு வந்துச்சு. அப்புறம் மறுபடி போனா. "ரெண்டாவது வேலை பஸ் ஸ்டாண்டுல நீரூற்று, கலர் கலரா பீச்சும். அடுத்தது உன் மூடிதான்." குடிக்கத் தண்ணி வராத ஊர்ல தண்ணி பீச்சுச்சு, எப்படி இருக்கு பாருங்க.

அப்புறம் ஐப்பசி மழையில தெருவும் சாக்கடையும் ஒண்ணாப் போச்சு. வடிவு அடுப்படியில இருந்த நேரம் மாமியார் வெளிய காலை வச்சாங்க, சாக்கடையில விழுந்து போய்ச் சேர்ந்துட்டாங்க. மூணாவது தடவை வடிவு அழுதுக்கிட்டே அவர்கிட்ட போனா. "மாலை குடுத்து விட்டேனே, வரலையா?"ன்னு கேட்டாரு. அவ்வளவுதான் கேட்டாரு, பாவி.

மாமியார் விழுந்த எடத்துல வடிவு ஒரு கம்பை நட்டு, அவங்க சிவப்புச் சீலையைக் கிழிச்சுக் கட்டினா. மழைத் தண்ணி நிக்கும்போது அந்தத் துணியைப் பார்த்துத்தான் தெருவே நடக்கும்.

அஞ்சு வருஷப் பதவி முடிஞ்சு, அதே மாதிரி ஒரு மழையில, பரமானந்தம் ஓட்டுக் கேட்டு வந்தாரு. "இதென்ன அசிங்கமா ஒரு கம்பு? போட்டோவுல விழும், புடுங்கி எறிங்கடா!"

"அண்ணே, அது அங்கயே இருக்கட்டும்"னா வடிவு.

"எல்லாம் எனக்குத் தெரியும் தங்கச்சி."

புடுங்கிட்டானுங்க. அவரு கும்பிட்டுக்கிட்டே ஒரு அடி வச்சாரு, ரெண்டு அடி வச்சாரு, மூணாவது அடிக்குத் தொபுக்கடீர்! நெஞ்சளவு சாக்கடை, காலைச் சேறு விடல. கூட வந்தவன் ஒருத்தனும் கை குடுக்கல, வெள்ளை வேட்டி அழுக்காயிடுமாம்.

"தங்கச்சி, நீயாவது கை குடு!"

"குடுக்குறேண்ணே. மொத வேலை மாமியார் படத்துக்கு விளக்கேத்தணும். ரெண்டாவது வேலை சோறு வடிக்கணும். அடுத்தது நீங்கதான்."

விளக்கேத்தினா. அவரு கத்தக் கத்தச் சோறு வடிச்சா. அப்புறம்தான் வந்து, அதே கம்பை நீட்டி இழுத்துப் போட்டா. எலெக்‌ஷன்ல அவரு டெபாசிட்டே போச்சு.

மூடியா? புதுசா வந்தவரும் சூடம் அடிச்சுட்டுத்தான் போயிருக்காரு. வடிவு கம்பைத் திரும்ப நட்டுட்டா. கதை முடிஞ்சு போச்சு, சாக்கடை தொறந்தே கிடக்கு, வீட்டுக்குப் பார்த்துப் போங்க.