சரிந்த மாவிளக்கு

கருவேலங்குடி என்னும் சிற்றூரில் கோயில் கொண்டிருக்கும் முத்தாலம்மனுக்குத் தொண்டு செய்தவர்களுள் சீனித்தாய் அம்மையாரும் ஒருவர். அவர் செய்த தொண்டு காண்போருக்கு மிக எளியதாகவே தோன்றும். பொழுது புலரும் முன் எழுந்து, கோயிற்கிணற்றில் நீர் இறைத்துக் குளித்து, ஊறிய பச்சரிசியை உரலில் இட்டு இடிப்பார். சலித்த மாவில் வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துப் பிசைந்து, நடுவே குழித்து, நெய்யூற்றித் திரியிட்டு மாவிளக்காக ஆக்குவார்.

வயிற்றுநோய் கண்ட பெண்கள் அந்த அம்மனுக்கு நேர்ந்துகொண்டு வருவது வழக்கம். அவர்கள் ஈரப்புடவையோடு மண்டபத்தில் மல்லாந்து படுத்திருக்க, வயிற்றின்மேல் வாழையிலை விரித்து, அதன்மேல் மாவிளக்கை வைத்து ஏற்றுவர். சுடர் தானாக அடங்கும்வரை இலையின் இருபுறமும் கைகொடுத்துத் தாங்குவது அம்மையாரின் பணியாகும். அப்போது கண்களை மூடி, "ஆத்தா, இது ஒன் வயிறு. நீ பாத்துக்க" என்பார். வேறு மந்திரம் அவர் அறியார். அறியவேண்டும் என்று எண்ணியதும் இல்லை. இளமையிலேயே கணவரை இழந்து, பிள்ளைப்பேறும் இன்றி வாழ்ந்த அவருக்கு, அந்த மண்டபத்தில் வந்து படுத்த பெண்கள் அனைவரும் உறவினரே ஆயினர்.

ஐம்பது வயதை நெருங்கிய காலத்தில் அம்மையாரின் வயிறு பெருக்கத் தொடங்கியது. கைகால்கள் மெலிந்தன, வயிறு மட்டும் முன்தள்ளியது. உலக்கையை நான்குமுறை ஓங்கினால் மூச்சு வாங்கியது. கோயில் வாசலில் தேங்காய்க்கடை வைத்திருந்த குருவம்மாள் இதனைக் கண்டு சும்மா இருப்பாரா?

"என்ன சீனி, இந்த வயசுலயா? வளைகாப்புக்கு எங்களையும் கூப்புடு தாயி!" என்று தெருவே கேட்கும்படி கூவினார். நின்றவர்கள் சிரித்தனர்.

"கூப்புடாம இருப்பேனா? வளையல் மட்டும் நீ வாங்கிட்டு வந்துரு" என்று அம்மையாரும் சிரித்தார். ஆயினும் அன்று மாவைச் சலித்தபோது அவருடைய கண்ணீர் சல்லடையில் விழுந்தது. அந்த மாவை அம்மனுக்கு ஆகாதென்று ஒதுக்கிவிட்டு, வேறு அரிசியை ஊறவைத்தார்.

பின்னர் ஓர் ஆடி வெள்ளியன்று, தாமே நேர்ந்துகொண்டு மண்டபத்தில் படுத்தார். அவருடைய அண்ணன் மனைவி வெள்ளத்தாய் இலையைத் தாங்கினார். விளக்கு ஏற்றப்பட்டது. ஆனால் நீர்கோத்துப் பானைபோல் திரண்டிருந்த வயிற்றில் இலை நிலைகொள்ளவில்லை. அம்மையார் மூச்சுக்குத் திணறிச் சற்றே அசைந்தார். விளக்கு சரிந்து தரையில் விழுந்து உடைந்தது, சுடர் அணைந்தது.

அந்தக் கோயிலில் அப்படி ஒருபோதும் நிகழ்ந்ததில்லை. கோயில் நிர்வாகி இருளப்பன் முன்னே வந்தார்.

"ஆத்தாளே தள்ளிவிட்டுட்டா. இனி நாம சொல்ல என்ன இருக்கு? சீனியக்கா, நாளையிலிருந்து நீங்க உரலைத் தொடவேணாம். மண்டபத்துக்கும் வரவேணாம்."

அம்மையார் சிதறிய மாவை ஒன்றுவிடாமல் தம் கையாலேயே கூட்டி அள்ளிவிட்டு வெளியேறினார்.

அடுத்த வாரம் மூச்சு முட்டி மயங்கி விழுந்த அவரை, வெள்ளத்தாய் அருகிலிருந்த நகரத்து மருத்துவமனைக்கு ஆட்டோவில் கொண்டுசென்றார். ஸ்கேன் எடுத்துப் பார்த்த மருத்துவர், சினைப்பையில் பெரிய கட்டி இருப்பதாகவும், வயிற்றில் மட்டுமன்றி நெஞ்சிலும் நீர் சேர்ந்திருப்பதாகவும், புற்றுநோய் எங்கும் பரவிவிட்டதாகவும் கூறினார். "வீட்டுல வச்சு நல்லபடியாப் பாத்துக்கங்க" என்று அனுப்பிவிட்டார்.

பேருந்து நிலையத்தில் வெள்ளத்தாய் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "ஆத்தாளும் தள்ளிட்டா, டாக்டரும் கைய விரிச்சிட்டாரு. நான் என்ன செய்வேன்?"

அம்மையார் மூச்சைச் சேர்த்துக்கொண்டு, சிறிது சிறிதாகச் சொன்னார்: "தள்ளுனா சும்மாவா தள்ளுவா? அந்த வெளக்கு நின்னுருந்தா, நோய் போயிரும்னு நான் மண்டபத்துலயே கெடந்திருப்பேன் மதினி. எங்கயோ போன்னுதான் தள்ளியிருக்கா. எங்கன்னு பாப்போம். மதுரை வண்டி வருது, ஏறு."

மதுரையில் ஒரு பெரிய மருத்துவமனையில், பெண்களுக்கான பிரிவில், மெஹருன்னிசா என்னும் மருத்துவர் அவரைச் சேர்த்துக்கொண்டார். முதலில் வயிற்றிலும் நெஞ்சிலும் ஊசி செலுத்தி நீரை வடித்தார். அம்மையார் பல நாட்களுக்குப் பின் படுத்து உறங்கினார். ஆனால் வடித்த நீர் மீண்டும் ஊறியது. பரிசோதனை முடிவுகள் வந்ததும், மருத்துவர் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்தார்.

"அம்மா, ஒளிக்காம சொல்றேன். இது புத்துநோயா இருக்கலாம். ஆனா வடிச்ச தண்ணியில அந்த அணு ஒண்ணும் இல்ல. ரொம்ப அபூர்வமா சிலருக்கு, சினைப்பையில வர்ற சாதாரணக் கட்டியே இப்படி வயித்துலயும் நெஞ்சுலயும் தண்ணி சேக்கும். கட்டியை எடுத்தா தண்ணி தானா வத்திரும். எதுன்னு தொறந்து பாத்தாத்தான் தெரியும். நெஞ்சுல தண்ணி இருக்கப்ப மயக்க மருந்து குடுக்கிறதும் ஆபத்துதான்."

"வேணாம்மா! கத்தி படாமலே போகட்டும்" என்று வெள்ளத்தாய் பதறினார்.

சீனித்தாய் அம்மையார் மருத்துவரின் முகத்தையே பார்த்தார். "உங்களுக்குப் பயமா இருக்காம்மா?"

மருத்துவர் சற்றுத் தயங்கி, "கொஞ்சம் இருக்கு" என்றார்.

"அப்ப கவனமாச் செய்வீங்க. செய்யுங்க."

அறுவைக்கூடத்தில் மயக்க மருந்து ஏறுவதற்கு முன் அவருடைய உதடுகள் அசைந்தன. அருகே குனிந்த செவிலி, "ஒன் வயிறு, நீ பாத்துக்க" என்னும் சொற்களைக் கேட்டு, தம்மிடந்தான் சொல்கிறார் என்றெண்ணி, "பாத்துக்கிறோம் பாட்டி" என்றாராம்.

மருத்துவர் வெளியே எடுத்த கட்டி, உரித்த தேங்காயின் அளவில், வெண்மையாய், கல்போல் இறுகியிருந்தது. ஆய்வகத்தில் அதனை அறுத்துப் பார்த்தவர்கள் புற்றுநோய் சிறிதும் இல்லை என்று எழுதியனுப்பினர். நெஞ்சின் நீர் வற்றியது. வயிற்றின் நீர் பிறகு ஊறவே இல்லை. ஒருநாள் காலையில் அம்மையார் ஆழ மூச்சிழுத்துப் பார்த்தார். தடையின்றி உள்ளே சென்றது. சிரித்தார்; தையல் வலித்தது; வலிக்க வலிக்கச் சிரித்தார். மெஹருன்னிசாவும் சேர்ந்து சிரித்து, "நானும் இப்படி ஒண்ணைப் புத்தகத்துலதான் படிச்சிருக்கேன்மா" என்றார்.

ஊர் திரும்பியவரைக் குருவம்மாள் வாய்பிளந்து பார்த்தார். இருளப்பனோ அசைந்து கொடுக்கவில்லை. "பொழச்சது சந்தோசம். அதுக்காக ஆத்தா தள்ளுனது இல்லேன்னு ஆயிருமா?" என்றார். நோயை வென்ற அம்மையாருக்கு இந்தச் சொல்தான் ஆறாத புண்ணாயிற்று. அம்மன் தம்மை வெறுக்கவில்லை என்பதை அவர் அறிவார். அதனை ஊருக்கு எப்படி மெய்ப்பிப்பார்? தம் வீட்டிலேயே கோயில் இருந்த திசைநோக்கி நின்று கும்பிட்டு வந்தார்.

பங்குனிப் பொங்கல் வந்தது. காலை வெயிலில் அம்மனின் சப்பரம் ஆட்களின் தோள்மேல் புறப்பட்டது. நான்கு பெருந்தெருக்களை மட்டுமே சுற்றிவருவது அதன் மரபு. அம்மையார் குடியிருந்த கொல்லர் சந்தின் முனையை அடைந்ததும், சப்பரம் நின்றது; பின்னர் மெல்லத் திரும்பியது.

"ஏலேய், எவன்டா பின்னாலயிருந்து தள்றது?" என்று முன்கொம்பைத் தாங்கியவர் கத்தினார்.

"நாங்க எங்க மாமா தள்றோம்? நீங்கதான இழுக்கிறீங்க!"

"நான் இழுக்கலடா. அவளாப் போறா!"

"சந்து பத்தாதுடா, வீட்டு ஓடெல்லாம் ஒடஞ்சிரும்!" என்று இருளப்பன் ஓடிவந்தார். கொம்புக்குள் புகுந்து, தம் தோளைக் கொடுத்து, பலங்கொண்ட மட்டும் பெருந்தெருப் பக்கம் நெட்டினார். சப்பரம் அவரையும் சேர்த்துக்கொண்டு சந்துக்குள் நடந்தது. சிலர் அவருடைய முகத்தைப் பார்த்தனர். அது வெளிறியிருந்தது. நெட்டுவதை விட்டுவிட்டு, "ஓடு ஒடஞ்சா ஒடையட்டும், வழி விடுங்கய்யா" என்றார்.

இருபுறமும் ஓடுகள் நொறுங்க, சப்பரம் அம்மையாரின் வாசலில் வந்து நின்றது. கஞ்சி கிண்டிக்கொண்டிருந்த அவர், சத்தம் கேட்டு அகப்பையும் கையுமாக வெளியே வந்தார். எதிரே முத்தாலம்மன்! பூசாரி அம்மன் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி, அம்மையாரின் கழுத்தில் இட்டார். குலவையொலி சந்தை நிறைத்தது. குருவம்மாளின் குலவையே அவற்றுள் ஓங்கி ஒலித்தது.

இருளப்பன் கொம்பை விடாமலே தலைகுனிந்தார். "அக்கா, ஆத்தா மனசை நான்தான் தப்பா அறிஞ்சேன். நாளையிலிருந்து வந்துருங்க. அந்த எடம் உங்களுதுதான்."

அம்மையார் அதனைக் கேட்டாரோ, இல்லையோ. அம்மனின் முகத்தையே நோக்கி, "இம்புட்டுத் தூரம் வெயில்ல வரணுமா? ஒரு சொல்லு சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே, ஆத்தா" என்று கடிந்துகொண்டார்.

தொண்டு செய்தவரின் வாசலைத் தெய்வமே தேடிவந்த அந்தக் குறுஞ்சந்தை நினைத்து, நாமும் ஒருமுறை கைகூப்புவோமாக.