சன்னல் வைத்த கூடுகள்

பாழுங்கிணற்றின் மேல் சாய்ந்து நின்ற கருவேல மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டி வாழ்ந்தன. ஒருநாள் ஒரு சாரைப்பாம்பு முட்டை தேடிக் கிளையேறியது. கீழ்நோக்கித் தொங்கும் கூட்டு வாசலில் பிடி கிடைக்காமல் தொப்பென்று கிணற்றில் விழுந்தது. பாம்பு போய்விட்டது, பயம் மட்டும் போகவில்லை.

அந்தப் பயத்தை மோப்பம் பிடித்து வந்தது செம்போத்து. குறுக்கே போனால் நல்ல சகுனம் என்று பேர் வாங்கிய பறவை ஆயிற்றே! குருவிகள் அதையே காவல் ராஜா ஆக்கின. கூட்டுக்குள் பாம்பு இருக்கிறதா என்று தான் எட்டிப் பார்க்க வேண்டுமாம். ஆகவே எல்லாக் கூட்டிலும் பக்கவாட்டில் ஒரு சன்னல் வைக்கவேண்டும் என்று உத்தரவு போட்டது.

சன்னல் வைக்கும் வேலை நாரழகன் என்ற குருவிக்கு வந்தது. நார் பின்னுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. பின்னத் தெரிந்தவனுக்குப் பிரிக்கவும் தெரியும் அல்லவா? கூலியாக உச்சிக் கிளையில் இடம் கிடைத்தது. அவன் கூட்டுக்கு மட்டும் சன்னல் வேண்டாம் என்ற சலுகையும் கிடைத்தது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

சன்னல் வைத்த கூடுகளில் முட்டைகள் காணாமல் போயின. எல்லாம் பாம்பு செய்த வேலை என்றது ராஜா. அதன் அலகில் மஞ்சள் கரு காய்ந்து ஒட்டியிருந்ததை நாரழகன் பார்த்தான். ஏதோ பூந்தாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். பதவி கண்ணை மறைக்கும் என்பார்கள். அதெல்லாம் இல்லை, அவனுக்குக் கண் நன்றாகத்தான் தெரிந்தது.

பக்கத்துக் கூட்டுச் செவ்வந்தி மட்டும் சன்னலுக்குச் சம்மதிக்கவில்லை. நாரழகன் அவளிடம் போனான்.

“மறைக்க என்ன இருக்கு உனக்கு?”

“முட்டை இருக்குண்ணே.”

அவன் நாரைப் பிரித்தான். மறுநாள் அது வெறுங்கூடாகக் கிடந்தது. செவ்வந்தி அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு. அதற்குப் பிறகு அவள் கூட்டுப் பக்கம் போகாமல் சுற்றிப் பறந்தான்.

சில நாளில் நாரழகனின் மனைவி முட்டையிட்டாள். செம்போத்து வந்து அவன் கூட்டில் உட்கார்ந்தது. நாரழகன் சலுகையை நினைவூட்டினான்.

“மறைக்க என்ன இருக்கு உனக்கு?” என்று கேட்டபடி ராஜா கூட்டைக் கிழிக்கத் தொடங்கியது.

நாரழகன் அலறினான். எந்தக் கூட்டிலிருந்தும் ஒரு தலை நீளவில்லை. எந்த முகத்தோடு இவர்களைக் கூப்பிடுகிறோம் என்று நினைத்ததும் அவன் அலறலை நிறுத்தினான். அப்போது செவ்வந்தி பாய்ந்து வந்து செம்போத்தின் கண்ணோரம் கொத்தினாள். அவளைப் பார்த்து இன்னொரு குருவி வந்தது. பிறகு மரமே திரண்டது. ராஜா புதருக்குள் விழுந்து ஓடியது.

நாரழகன் நன்றி சொல்ல வாயெடுத்தான்.

“உனக்காக வரலண்ணே, முட்டைக்காக வந்தேன்” என்றாள் செவ்வந்தி.

அவன் வெட்கத்தில் கூனிக் குறுகினான். தன் கூட்டின் கிழிசலை மனைவி உடம்பால் மறைத்துக் கிடக்க, அன்று முழுக்க மற்றவர்களின் சன்னல்களைப் பின்னி அடைத்தான். செவ்வந்தியின் கூட்டை அடைக்கும்போது உள்ளே பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்தவர் வீட்டைத் திறந்துவிடக் கொடுங்கோலுக்குக் கைகொடுப்பவன் வீட்டுக்கும் கதவு மிஞ்சாது.