இரண்டு முறை ஊற்றிய சத்தம்

அந்தக் காலத்தில் மாடுகள் பேசும். மனிதரோடு ஒப்பந்தமும் போடும். மயிலைப் பசு நாச்சப்பனோடு போட்ட ஒப்பந்தம் இது: அவள் வேளைக்கு ஒரு நாழி பால் கொடுப்பாள். அதில் பாதியை, அதாவது ஓர் உரியை, தட்டிக்கு அந்தப் பக்கம் கட்டியிருக்கும் கன்றின் தொட்டியில் அவன் ஊற்ற வேண்டும். உழக்கால் இரண்டு முறை ஊற்றினால் ஓர் உரி என்று நாச்சப்பன்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான். மயிலை காதைச் சாய்த்து, பால் விழும் சத்தத்தை இரண்டு முறை எண்ணிக்கொள்வாள்.

நாச்சப்பனுக்கு நாக்கு கொஞ்சம் நீளம். கட்டித் தயிர் இல்லாமல் சோறு இறங்காது. ஒரு நாள் உழக்கை வைத்துவிட்டு, அதில் பாதியே பிடிக்கும் ஆழாக்கைக் கையில் எடுத்தான். இரண்டு முறை ஊற்றினான். சத்தம் இரண்டு கேட்டதும் மயிலை நிம்மதியாக வைக்கோலைக் கடித்தாள்.

"அம்மா, இன்னும் பசிக்குது" என்றது கன்று.

"ரெண்டு ஊத்தியாச்சு சாமி. பேசாம படு."

மறுநாளும் அதே பேச்சு. பிறகு கன்று கேட்பதையே விட்டுவிட்டது. பிள்ளை சமர்த்தாகிவிட்டது என்று நினைத்தாள் மயிலை. பாவம், பெற்றவளுக்கே அப்படித்தான் தோன்றியது. ஒரு விடியலில் கன்று காலை நீட்டிக் கிடந்தது.

இனி நாழி முழுக்க நமக்குத்தான் என்று நாச்சப்பன் கணக்குப் போட்டான். ஆனால் தொழுவத்தில் நாழி நிரம்பிய பால், அடுப்படியில் அளந்தால் ஓர் உழக்கு குறைந்தது. கன்றுக்குக் குறைத்த அதே உழக்கு. கதவைச் சாத்தி வைத்தான்; பூனை இல்லை, ஓட்டை இல்லை. உள்ளே மட்டும் ஒரு சின்ன நாக்கு நக்கும் சத்தம் கேட்டது.

அவன் மனைவி பாவாத்தாளுக்குத் தாய்ப்பால் போதவில்லை. கைக்குழந்தைக்குப் பாலாடைச் சங்கில்தான் பசும்பால் புகட்டுவாள். இப்போது நிரப்பிய பாலாடை குழந்தையின் உதட்டுக்குப் போவதற்குள் காய்ந்துபோனது. குழந்தை அழவும் தெம்பில்லாமல் மெலிந்தது.

"ஏனுங்க, கன்னுக்கு எதுல அளந்தீங்க?" என்று, தினமும் சரியாக ஓர் உழக்கே குறைவதைக் கவனித்துக் கேட்டாள்.

"ஆழாக்குல" என்றான் தரையைப் பார்த்து.

"ஊரான் பிள்ளைய ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்பாங்க. நீங்க அந்தப் பிள்ளை வாயில இருந்தே புடுங்கியிருக்கீங்க. போய் அவகிட்டச் சொல்லுங்க."

போய்ச் சொன்னான். மயிலை வைக்கோலிலிருந்து வாயை எடுத்தாள்.

"உன் கணக்கை நம்பி, பசிச்ச பிள்ளைய பேசாம படுன்னு சொன்னேனே" என்றாள். "இனி எனக்கு நாழியும் வேண்டாம், உழக்கும் வேண்டாம். கன்னு வாய் பட்டாத்தான் என் மடி திறக்கும்."

அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. மடி வற்றிவிட்டது. வேறு வழி தெரியாமல் நாச்சப்பன் செத்த கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்துத் தைத்து, அவள் மடியோரம் நிறுத்தினான். மயிலை அதை நக்கினாள். பால் சுரந்தது. அன்று அடுப்படியில் ஒரு சொட்டும் குறையவில்லை. குழந்தை வயிறு நிறையக் குடித்துத் தூங்கியது.

வைக்கோல் கன்றை எடுத்து வைக்கத் தொழுவத்துக்கு வந்தான் நாச்சப்பன். அதன் வாயோரத்தில் பால் நுரை ஒட்டியிருந்தது. அவன் அதைத் துடைக்கவில்லை.

அன்று முதல்தான் கன்று முதலில் வாய் வைக்காமல் பசு பால் விடுவதில்லை. மனிதர் என்ன கேட்டாலும் ஒரு வார்த்தை பேசுவதுமில்லை.