கிலுகிலுப்பை மச்சான்

மலைகளெல்லாம் சின்னப்பிள்ளைகளாக இருந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அப்போது சடையன் என்றொரு விறகுவெட்டி. ஒருநாள் அவன் தெரியாமல் வெட்டியது மந்திரவாதி கரிமுகனின் மரம். அவ்வளவுதான், ஆளைக் களிமண் பொம்மையாக்கிவிட்டான் அந்தப் பாவி.

சேதி தெரிந்ததும் புருஷனை மீட்கக் காட்டுக்குள் ஓடினாள் அவன் மனைவி அல்லிக்கொடி. காலடியில் 'கிலுகிலு கிலுகிலு!' சட்டென்று நின்றாள். வால் நுனியில் கிலுகிலுப்பையோடு ஒரு விஷப்பாம்பு!

"நல்லவேளை சொன்னீங்கண்ணே. மிதிச்சிருப்பேன்."

பாம்பு அசந்துபோனது. "என் சத்தம் கேட்டா எல்லாரும் கல்லைத் தேடுவாங்க. நீ அண்ணேங்கிற! என்ன வேணும் தங்கச்சி?"

விஷயத்தைக் கேட்டதும் கூடவே வந்தது.

கரிமுகன் முற்றத்தில், உச்சி வெயிலில், அச்சு அசலாக மூன்று சடையன் பொம்மைகள்!

"ஒருத்தன்தான் உன் புருஷன். பொழுது சாயறதுக்குள்ள, தொடாம கண்டுபிடி. தப்பாக் காட்டினா நீ பொம்மை. சரியாக் காட்டினா நான் பொம்மை!" என்றான் கரிமுகன்.

பாம்பு பிளந்த நாக்கை நீட்டி நீட்டிக் காற்றை ருசி பார்த்தது. "மூணுக்கும் ஜவ்வாது பூசியிருக்கான்." கரிமுகன் சிரித்தான்.

தாடையைத் தரையில் வைத்து அதிர்வு கேட்டது. "ஒண்ணும் அசையலை." கரிமுகன் சிரித்தான்.

"என் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவுல பாரு, பக்கத்துக்கு ஒரு குழி. கும்மிருட்டுல எலி பதுங்கினாலும் அதோட உடம்புச் சூடு இதுல தெரியும்." பார்த்தது. தலை தொங்கியது. "வெயில்ல மூணுமே காயுதே தங்கச்சி!"

கரிமுகன் விழுந்து விழுந்து சிரித்தான்.

அல்லிக்கொடி யோசித்தாள். காய்ச்சல்காரன் நெற்றியில் போட்ட ஈரத்துணி உடனே சூடாகிவிடும். மண்பானை நனைந்தாலோ வெயிலிலும் சில்லென்றுதான் இருக்கும்.

"சாமி, மூணு பொம்மை முகத்துலயும் ஒரே தூசி. தள்ளி நின்னு தண்ணி ஊத்தட்டுமா?"

"குளிப்பாட்டப் போறியா? நல்லாக் குளிப்பாட்டு!"

குடம் குடமாக வீசி ஊற்றினாள். பாம்பு பொறுத்திருந்து பார்த்தது. முதல் பொம்மை குளிர். மூன்றாவதும் குளிர். நடுப் பொம்மை எதிரே வந்ததும் தலை நிமிர்ந்தது, வாய் பிளந்தது, விஷப்பல் எட்டிப் பார்த்தது.

"அண்ணே! அது இரை இல்லே, உங்க மாப்பிள்ளை!"

வெட்கப்பட்டு வாயை மூடி, வாலை ஆட்டியது. கிலுகிலு கிலுகிலு!

"இவர்தான்!" என்று கை நீட்டினாள் அல்லிக்கொடி.

கரிமுகனின் சிரிப்பு பாதியிலேயே களிமண்ணாக உறைந்தது. சடையன் தும்மினான். கண் திறந்தான். பாம்பைப் பார்த்ததும் கம்பை எடுத்தான்.

"கம்பைக் கீழ போடுங்க. மச்சானை வாங்கன்னு கேளுங்க."

"வா... வாங்க மச்சான்!" என்றான். நடுக்கம் குளிராலா பயத்தாலா, அவனுக்கே தெரியவில்லை.

அன்று விருந்துக்கு வந்த மச்சான் நெல் குதிருக்குப் பக்கத்திலேயே தங்கிவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எலி தின்ற நெல்லும் இல்லை, உலை கொதிக்காத நாளும் இல்லை.