தபாலாபீசுக்கு இடம் பார்த்த பூனைத் துரை

மருதங்காட்டில் தபாலாபீஸ் என்று இருந்தது ஒரு மரப்பொந்துதான். மழை பெய்தால் ஒழுகும். காற்றடித்தால் கடிதங்கள் பறக்கும். அந்தக் காட்டைக் கடல் கடந்து இருந்த சிங்க ராஜாவின் சர்க்கார் ஆண்டுவந்தது. புதுக் கட்டடத்துக்கு இடம் பார்க்கச் சொல்லி, சர்க்கார் ஒரு வெள்ளைப் பூனையை அனுப்பியது. தலையில் தொப்பி, கையில் பிரம்பு. பெயர் மியாவிங்டன் துரை.

காட்டில் கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பது இருளாண்டி என்ற முயல். அது துரையிடம் போய்க் கும்பிட்டது.

"எசமான்! நாலு பாதையும் கூடுகிற இடத்தில் பாறைமேடு இருக்கிறது. எல்லாருக்கும் பக்கம். ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்காது!"

"பார்க்கலாம், பார்க்கலாம்" என்றார் துரை.

இதை நரி நாகப்பன் கேட்டுக்கொண்டிருந்தது. அதன் வளை பெரிய குட்டையின் கரைமேல் இருந்தது. தபாலாபீஸ் தன் வாசலுக்கு எதிரே வந்துவிட்டால், யாருக்கு எங்கிருந்து என்ன கடிதம் வருகிறது என்று முதலில் தானே மோப்பம் பிடிக்கலாம். அந்த நினைப்பிலேயே அதற்கு வாயூறியது.

அப்போது கடும் கோடை. குட்டை வறண்டு, நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. அதில் மீன்கள் துள்ளின. நரி துரையை நேராக அங்கே அழைத்துப் போனது.

"துரை அவர்களே! மேடு பள்ளம் இல்லாத இடம். சுத்தமான காற்று. பசித்தால் மீன்!"

துரை ஒரு மீனைத் தின்றார். இன்னொன்றையும் தின்றார். ஏழாவது மீனைத் தின்றுவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"இதைவிட நல்ல இடம் இந்த உலகத்திலேயே கிடையாது! பதினைந்தாம் நாள் அஸ்திவாரக் கல் வைக்கிறோம். கல் வைத்துவிட்டால் சிங்க ராஜாவே வந்தாலும் மாற்ற முடியாது!"

முயல் பதறிப்போய் ஓடி வந்தது. "எசமான், இது குட்டை! மழைக்காலத்தில் இங்கே ஓர் ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும்!"

"தண்ணீரா? எங்கே தண்ணீர்?" துரை வெடித்துக் கிடந்த மண்ணைப் பிரம்பால் தட்டினார். "ஓடுவது உன் வேலை. யோசிப்பது என் வேலை. போ!"

நரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

திரும்பும் வழியில் செம்பாயி என்ற மான் முயலை மறித்தது. அதன் மகன் தூர தேசத்தில், சிங்க ராஜாவின் பட்டாளத்தில் இருந்தான். அவன் கடிதத்துக்காக அது தினமும் வந்து நிற்கும்.

"தம்பி, குட்டையிலேயா ஆபீஸ் கட்டப் போகிறார்கள்? மழை வந்தால் என் பிள்ளையின் கடிதம் தண்ணீருக்குள் அல்லவா கிடக்கும்? அவன் இருக்கிறானா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாமல் போய்விடுமே!"

முயல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. அப்போது காலடியில் எறும்புகள் வரிசையாகப் போவதைப் பார்த்தது. ஒவ்வொன்றும் முட்டையைத் தூக்கிக்கொண்டு அவசர அவசரமாக மேட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. முயலின் காதுகள் இரண்டும் நிமிர்ந்தன.

"கவலைப்படாதே அக்கா! நான் துரைக்கு ஒரு யோசனை சொல்லிவிட்டு வருகிறேன்."

அது மறுபடியும் துரையிடம் ஓடியது.

"எசமான், புத்தி கெட்டுப்போய் ஏதோ உளறிவிட்டேன். தாங்கள் பார்த்த இடம்தான் இடம்! அவ்வளவு நல்ல இடத்தை விட்டுவிட்டு எசமான் எதற்காக எங்கோ தங்க வேண்டும்? கல் வைக்கிற வரைக்கும் அங்கேயே கூடாரம் போட்டுக்கொள்ளுங்கள். வேளாவேளைக்கு மீன் கொடுக்க நாகப்பன் ஐயா இருக்கிறார்!"

"அடடா! உனக்குக்கூட மூளை இருக்கிறதே!" என்றார் துரை.

நரியால் மறுக்க முடியவில்லை. குட்டைக்குள், மீன் கிடந்த தண்ணீரின் ஓரத்திலேயே கூடாரம் எழுந்தது. மூன்றே நாளில் மீன் தீர்ந்துபோனது. "மீன் எங்கே? மீன் எங்கே?" என்று துரை அலறினார். பாவம், நரி காலையில் கிளம்பி இரண்டு காத தூரத்து ஆற்றுக்குப் போகும். வாலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்காரும். நண்டு கவ்வினால், வாலை உதறிக்கொண்டு ஊளையிடும்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் வானம் கறுத்தது. துரை சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சடசடவென்று பிடித்தது மழை. நாலு பக்கத்து ஓடையும் குட்டைக்குள் பாய்ந்தது. துரை கண் விழித்தபோது கட்டில் மிதந்துகொண்டிருந்தது. தொப்பி முன்னால் போய்க்கொண்டிருந்தது.

"ஐயோ, தண்ணீர்! என்னைக் காப்பாற்றுங்கள்!" துரை கூடாரக் கம்பத்தில் தாவி ஏறி, நாலு கால்களாலும் கட்டிக்கொண்டார். "நாகப்பா! அடேய் நாகப்பா!"

நரி வளைக்குள் மூச்சு விடாமல் படுத்துக்கொண்டது.

முயல் கரையில் நின்று கூவியது. "எசமான், தண்ணீரா? எங்கே தண்ணீர்?"

"கேலி செய்யாதே! கம்பம் சாய்கிறது!"

செம்பாயி தண்ணீரில் இறங்கி நீந்தியது. நனைந்த பூனையை முதுகில் ஏற்றி, நேராகப் பாறைமேட்டில் கொண்டுபோய் இறக்கியது. அங்கே தரை ஈரமாக இருந்ததே தவிர, எங்கும் தண்ணீர் நிற்கவில்லை. நாலு பாதையிலிருந்தும் மிருகங்கள் வந்து கூடி, நடுங்கிக்கொண்டிருந்த துரையை வேடிக்கை பார்த்தன.

துரை தொண்டையைச் செருமினார். "பல நாள் நுணுக்கமாக ஆராய்ந்து, தபாலாபீசுக்கு இந்த மேட்டை நானே கண்டுபிடித்திருக்கிறேன்!"

"எசமான் மூளையே மூளை!" என்றது முயல், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

ஐந்தே மாதத்தில் மேட்டின்மேல் ஓடு வேய்ந்த தபாலாபீஸ் எழுந்தது. அடுத்த அடைமழையில் குட்டை நிரம்பி வழிந்தபோது, செம்பாயி அந்தக் கூரையின்கீழ் நின்று, ஓர் எழுத்தும் நனையாத தன் மகனின் கடிதத்தை மூன்று முறை படித்தது.

பிறருக்காக இடம் பார்க்கிறவர், நாலு நாள் அங்கே தாமே குடியிருந்து பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும்.