பக்கத்து வீட்டுக் கஞ்சி

முன்னொரு காலத்தில் ஒரு ராஜ்ஜியத்தில் ஒன்பது நாள் எந்த வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. பஞ்சம் ஒன்றுமில்லை, அரிசி இருந்தது. ராஜாவின் உத்தரவு அப்படி. கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்த ஒரே மகள் செண்பகவல்லி காய்ச்சலில் போய்விட்டாள். "துக்க வீட்டில் அடுப்பு எரியலாமா? இந்த நாடே என் வீடு. எங்கும் எரியக்கூடாது" என்றுவிட்டார்.

பாவம், பெற்ற மனசு. ஆனால் ஊரார் வயிறு என்ன செய்யும்? ஊறவைத்த அரிசியைத் தின்று குழந்தைகள் சுருண்டு கிடந்தன. குதிரைக்காரன் மனைவி காத்தாயி, பிள்ளை பெற்ற உடம்போடு வெந்நீருக்கும் வழியில்லாமல் நடுங்கினாள். அதைப் பார்த்த விகடகவி ஆவுடையான் நேரே சபைக்குப் போனான்.

"மகாராஜா, காத்தாயிக்கு ஒரு வாய் கஞ்சி வேண்டும். இல்லாவிட்டால் பிழைக்கமாட்டாள்."

நாட்டில் அடுப்பு எரியாவிட்டாலும், ஆவுடையானைக் கண்டால் மந்திரி திருமேனியாருக்கு வயிறு எரியும். "பிரபு, இவர்தான் பெரிய கெட்டிக்காரர் ஆயிற்றே! நெருப்பு மூட்டாமல் காய்ச்சட்டும். முடியாவிட்டால், துக்கத்தை அவமதித்த தலை எதற்கு?" என்றார்.

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா, முகம் நிமிராமலே.

மறுநாள் உச்சிவேளை. அரண்மனை முற்றத்தில் கரிபிடித்த பானையில் அரிசியும் நீரும் வைத்தான் ஆவுடையான். இளவரசியின் சீர்வரிசைக்காகப் புளிபோட்டுத் துலக்கிய நூறு பித்தளைத் தாம்பாளங்கள் உள்ளே கிடந்தன. அவற்றை நூறு காவலர்களிடம் கொடுத்து, பானையைச் சுற்றி வளைத்து நிறுத்தினான். "அவரவர் தட்டில் விழும் வெயிலைப் பானைமேல் திருப்புங்கள்" என்றான். நூறு வெயிலும் ஒரே இடத்தில் குவிந்தன. பூவும் பழமும் ஏந்தியிருக்க வேண்டிய தாம்பாளங்கள் அவை.

பானை முனகியது. பிறகு கொதித்தது.

"அடியில் கங்கு ஒளித்திருக்கிறான்!" என்று மந்திரி குனிந்தார். அவருடைய கருநீலப் பட்டு உத்தரீயம் வெளிச்சத்தில் விழுந்து புகைந்தது. அலறி உதறினார். கங்குதான் காணோம்.

"ஆவுடையா, துக்க வீட்டில் நீ எப்படிக் கஞ்சி காய்ச்சலாம்?" என்றார் ராஜா.

"நான் காய்ச்சவில்லை மகாராஜா. துக்க வீட்டுக்குச் சாப்பாடு கொண்டு வருவது பக்கத்து வீட்டுக்காரர் முறை. தாங்கள் நாடு முழுவதையும் துக்க வீடாக்கிவிட்டீர்கள். கீழே பக்கத்து வீடு ஏது? அதனால்தான் மேல்வீட்டுக்காரர் கொடுத்தனுப்பியிருக்கிறார். மறுக்கலாகாது."

ராஜா அண்ணாந்து பார்த்தார். சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணீரும் கொட்டியது. முதல் கலயத்தைக் காத்தாயிக்கு அனுப்பிவிட்டு, இரண்டாவதை இரு கையாலும் வாங்கிக் குடித்தார். "எல்லோரும் அடுப்பு மூட்டுங்கள்" என்றார். "உனக்கு என்ன வேண்டும், கேள்."

"இந்தத் தாம்பாளங்கள், மகாராஜா. இனி இந்த ஊரில் கல்யாணமாகும் பெண்களுக்கு."

அந்த வருஷம் செண்பகவல்லியின் சீர் நூறு வீட்டுக்குப் போயிற்று.